நீரில் இறங்கிய தீயணைப்பாளர்

குளிர் மிகுந்த வட நாடுகளில் மாரிக்காலம் முற்றியதும் ஏரிகள் உறைந்து வெண்டரையாகிவிடும். அந்நாள்களில் தீயணைப்புப் படையினர் நெருப்பை விட்டுப் பனியை நாடிச் செல்வர். ஏரியின் நடுவே பனியை அறுத்து ஒரு துளை செய்வர். ஒருவர் காப்புடை அணிந்து அத்துளையில் இறங்கித் தவறி விழுந்தவரைப்போல் தத்தளிப்பார். மற்றொருவர் உடலிற் கயிற்றைப் பிணைத்துக்கொண்டு, எழுந்து நடவாமல், பனியின்மீது வயிறு படியத் தவழ்ந்து அவரை அணுகுவார். கரையில் நிற்போர் கயிற்றைப் பற்றி இருவரையும் மெல்ல இழுப்பர். அமெரிக்கா, கனடா, பின்லாந்து முதலிய நாடுகளின் தீயணைப்பு நிலையங்களில் இப்பயிற்சி ஆண்டுதோறும் நடைபெறும் வழக்கமான வேலைகளுள் ஒன்று.

பினாங்கு மாணவன் ஒருவனுக்கு இச்செய்தி வியப்பளிக்கும். அவன் அறிந்த பனிக்கட்டி ஐஸ் கச்சாங் கிண்ணத்திற்குள் அடங்கிவிடுவது. ஆயர் ஈத்தாம் அணைநீரோ தெலுக் பாகாங் அணைநீரோ உறைந்துபோவதைக் கனவிலும் காண இயலாது. ஆயினும் இவ்விரு தேசத்துத் தீயணைப்பாளர்க்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. நெருப்பை அணைக்கக் கற்றவன் நீரில் மூழ்குபவனைக் காக்க எப்போது கற்றான்? யார் அவனுக்கு அதைக் கற்பித்தார்?

உறைந்த ஏரியின் வரலாற்றில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. 1774-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நீரில் மூழ்கியோரை உயிர்ப்பிக்கும் நோக்கத்துடன் ஒரு சங்கம் தோன்றியது. அரச மனிதநேயச் சங்கம் எனப் பின்னாளில் பெயர் பெற்ற அஃது, குளிர்காலத்தில் பூங்கா ஏரிகளின் ஓரத்தில் ஏணியும் கயிறும் கொடுத்து ஆள்களை நிறுத்தி வைத்தது. அவர்களைப் 'பனியாள்' என்றே மக்கள் அழைத்தனர். 1867-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் ரீஜண்ட் பூங்கா ஏரியில் நூற்றுக்கணக்கானோர் பனிச்சறுக்கு ஆடிக்கொண்டிருந்தனர். முந்தைய நாளே அங்குப் பனி உடைந்து சிலர் விழுந்து காப்பாற்றப்பட்டிருந்தனர். அவ்வெச்சரிக்கையை எவரும் பொருட்படுத்தவில்லை. திடீரெனப் பனித்தளம் பிளந்தது. ஏறத்தாழ 200 பேர் நீருக்குள் விழுந்தனர். 40 பேர் மாண்டனர். பனியாள்கள் அங்கே இல்லாமலில்லை, இருந்தனர். ஆனால் ஒருவரையோ இருவரையோ இழுப்பதற்கான ஏணி, இருநூறு பேருக்கு எவ்வாறு போதும்? அதன்பின் அவ்வேரியின் ஆழம் 12 அடியிலிருந்து ஏறத்தாழ 4 அடியாகக் குறைக்கப்பட்டது. மக்களைத் திருத்துவதினும் ஏரியைத் திருத்துவது எளிதெனக் கண்டார்கள் போலும்!

குளிர்நீரின் கொடுமையை அறிவியல் பிற்காலத்தில் அளந்து காட்டிற்று. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். விழுந்தவர்க்கு மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிடம். கைகால்கள் ஏவலுக்கு இணங்கப் பத்து நிமிடம். நினைவு தப்ப ஒரு மணி. கனடாவில் வகுக்கப்பட்ட இக்கணக்கை இன்று மீட்பாளர் யாவரும் மனப்பாடமாக அறிவர். தவழ்ந்து செல்லும் முறையும் இதனோடு சேர்ந்ததே. நின்றால் உடலின் பாரம் முழுவதும் இரு பாதங்களின்கீழ் அழுந்தும், படுத்தால் பரவும். ஆகவே காக்கச் செல்பவன் முதலிற் கற்பது தன் பாரத்தை அறிவதாகும்.

இனிப் பினாங்குக்கு வருவோம். 'போம்பா' என்று இங்குள்ள மக்கள் தீயணைப்புப் படையை அழைக்கின்றனர். நீர் இறைக்கும் பொறியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல் மலாய் மொழியிற் குடியேறி, ஒரு படைக்கே பெயராகிவிட்டது. மலாயாவில் கோலாலம்பூரில் 1883-ஆம் ஆண்டில் தொண்டர் தீயணைப்புப் படை அமைந்தது. பினாங்கிலோ நகராண்மையின் பொறுப்பில் இப்பணி வளர்ந்தது. கடற்கரை வீதியும் சூலியா துறையும் கூடும் முனையில், 1908-ஐ ஒட்டி எழுந்த கோபுரத்தோடு கூடிய தீயணைப்பு நிலையம் அதற்குச் சான்றாக நிற்கிறது. அவ்விடத்தின் பெயரே சுவையானது. சூலியர் என்போர் தமிழகக் கடற்கரையிலிருந்து வந்து வாணிகம் செய்த முசுலிம்கள். 'காட்' என்பது படித்துறையைக் குறிக்கும் இந்தியச் சொல். கடற்கரை வீதி ஒரு காலத்தில் உண்மையாகவே கடலின் கரையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து வெல்டு கீ உருவாக்கிய பின்னரே அலைகள் விலகிச் சென்றன. ஆகவே தீயணைப்பாளரின் வீடு தோன்றிய இடம் பழைய படகுத்துறையின் வாயிலாகும்.

எனினும் அவர்கள் நெடுங்காலம் கடலை நோக்கவில்லை. நீர் அவர்கட்குக் கருவி, பகையன்று. வெல்டு கீயில் கடல்மேல் மரக்கால்கள் ஊன்றி எழுந்த சியூ, லிம், டான் முதலிய சீனக் குலத்தாரின் குடியிருப்புகளில் தீப்பற்றினால் என்ன செய்வது என்பதே கவலை. பலகைப் பாதையில் வண்டி செல்லாது. கீழே நீர் நிறைந்திருந்தும் மேலே குழாய்க்கு நீர் எட்டாது. துறையில் தவறி விழுந்தவனை எடுப்பதோ பக்கத்திலிருந்த படகோட்டியின் வேலையாக இருந்தது. சரக்குப் படகுகளில் உழைத்தோருள் தமிழர் பலர். அவர்கள் செய்த மீட்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

1976-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மாநிலங்களின் தீயணைப்புப் பணிகள் நடுவண் அரசின்கீழ் ஒன்றாயின. சட்டமும் சீருடையும் ஒன்றாயின. கடமையின் எல்லை விரிந்ததோ வேறொரு நாளில்.

1988-ஆம் ஆண்டு சூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. தீவில் கருணைத் தெய்வமாகிய குவான் இன்னுக்குச் சீனர் எடுத்த பெருவிழா. இரண்டும் கூடியமையால் பட்டர்வொர்த் சுல்தான் அப்துல் ஹலிம் பெர்ரித்துறை மாலையில் மக்களால் நிறைந்து வழிந்தது. பாலம் 1985-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டிருந்தாலும் பெர்ரியைவிட மனமில்லாதார் மிகப் பலர். நான்கு மணிக்குப்பின் பயணிகள் காத்திருந்த மேல்தளம் இற்று வீழ்ந்தது. மேலே நின்றோர் சரிந்தனர். கீழே இருந்தோர் நசுங்கினர். 32 பேர் உயிரிழந்தனர். 1,600-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

இலண்டன் ஏரிக்கும் இத்துறைக்கும் இடையே காலமும் கடலும் பல இருப்பினும், நிகழ்ச்சி ஒன்றேயாகும். இரண்டிலும் மக்கள் தாம் நிற்கும் தளம் தாங்கும் என்று நம்பினர். இரண்டிலும் தாங்கும் அளவை எவரும் கண்காணிக்கவில்லை. தீயணைப்பாளர், காவலர், இராணுவத்தினர், பெயர் தெரியாத பொதுமக்கள் அனைவரும் கான்கிரீட்டுக்கும் இரும்புக்கும் இடையே கையை நுழைத்து மனிதரைத் தேடினர். அன்று குழாயால் யாதொரு பயனும் இல்லை. அரச விசாரணை ஆணையம் அமைந்து காரணங்களை ஆராய்ந்தது. அதே 1988-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தீயணைப்புப் பணிச் சட்டம், பேரிடர் வேளையில் உயிரையும் உடைமையையும் காக்கும் மனிதநேயப் பணியையும் படையின் கடமையாகச் சேர்த்துக் கூறிற்று. 1993-ஆம் ஆண்டில் ஹைலண்ட் டவர்ஸ் மாடிவீடு சரிந்து 48 பேர் மாண்டபின், 1994-இல் 'ஸ்மார்ட்' என்னும் சிறப்பு மீட்புப் படைக்கு வித்திடப்பட்டது. 1997-இல் துறையின் பெயரே தீயணைப்பு மீட்புத் துறை என மாறியது. பெயரில் ஒரு சொல் சேர இத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்தன.

கடல் மீண்டும் வந்தது 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-இல். மலேசியாவில் ஆழிப்பேரலைக்குப் பலியான 68 பேரில் 52 பேர் பினாங்கைச் சேர்ந்த கரைகளில் மாண்டவர். பத்து பெரிங்கியிலும் பாலிக் புலாவ் பாசிர் பாஞ்சாங்கிலும் விடுமுறையில் குளித்து மகிழ்ந்தவர்களே அவர்களுட் பலர். 2017-ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 நாள்களில் பெய்த பேய்மழையில் மாநிலமே நீரில் அமிழ்ந்து எழுவர் இறந்தனர். படகும் கயிறும் தெருவிலேயே தேவைப்பட்டன.

நீர்மீட்புக் குழுக்கள் இன்று கற்கும் பாடம் உறைந்த ஏரியிற் கற்பிக்கப்படும் பாடத்தோடு ஒத்தது. முதலில் கோலை நீட்டு. எட்டாவிடின் கயிற்றை எறி. அதுவும் இயலாவிடின் படகிற் செல். நீந்திச் செல்வது எல்லா வழியும் அடைபட்ட பின்னரே. துணிவுள்ள இளைஞனுக்கு இவ்வரிசை கசக்கும். குதிப்பதையே வீரம் என்று கதைகளும் திரைப்படங்களும் அவனுக்குச் சொல்லி வைத்திருக்கின்றன. மூழ்குபவன் தன்னைத் தொட்டவனைக் கட்டிப்பிடித்து அமிழ்த்துவான் என்பதை அவன் பயிற்சியிலேதான் அறிகிறான்.

ஆனால் பயிற்சியும் தோற்கும் நீர் உண்டு. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, சிலாங்கூர் பூச்சோங் வட்டாரத்தில் கைவிடப்பட்ட ஈயக்குட்டை ஒன்றில் விழுந்த 17 வயது இளைஞனைத் தேடி நீர்மீட்புக் குழுவினர் அறுவர் இறங்கினர். அறுவரும் ஒரே கயிற்றாற் பிணைக்கப்பட்டிருந்தனர். ஒருவன் தவறினால் மற்றவர் இழுப்பர் என்பதே அப்பிணைப்பின் கருத்து. வலிய நீரோட்டம் ஒன்று அவர்களைச் சுழற்றி இழுத்தது. அறுவரும் மாண்டனர். அந்நாட்டுத் தீயணைப்பு வரலாற்றில் அதைப்போன்ற இரவு அரிது.

பனியின்மீது தவழ்பவனைக் கட்டிய கயிற்றின் மறுமுனை கரையில் இருக்கிறது. கரை அசையாது, ஆதலால் அக்கயிறு உயிர். பூச்சோங்கில் ஆறு உடல்களைக் கட்டிய கயிறு ஓட்டத்தின் நடுவே இருந்தது. அறுவரும் ஒரே வேளையில் இழுக்கப்பட்டபோது, பற்றி நிறுத்த வேண்டிய கையும் பற்றப்பட வேண்டிய கையும் ஒன்றாகவே சுழன்றன. குட்டையின் அமைதியான முகத்தைக் கண்டு அதன் அடியில் ஓடும் விசையை இரவில் மதிப்பிடுவது எளிதன்று என்பதை அவர்கள் சார்பில் சொல்லியாக வேண்டும். ஈயம் தோண்டிய நாடு விட்டுச் சென்ற குட்டைகள் கிந்தா பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் இன்னும் எண்ணற்றவை. அவற்றின் கரையில் தூண்டிலோடு அமரும் சிறுவர்களுக்கு அவை ஏரிகளே.

மூன்று மாதங்கள் கழித்து, 2019-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் விடியுமுன், பினாங்குப் பாலத்தில் மோதுண்ட கார் ஒன்று கடலில் விழுந்தது. ஓட்டிய இளைஞர் காரினுள் இருந்தார். தீயணைப்பாளரோடு பிற துறையினரும் தேடலில் இறங்கினர். தென்கால்வாயின் நீர் வண்டலாற் கலங்கியது. மூழ்குபவர் விளக்கேந்தியும் பயனின்றிக் கையால் தடவியே செல்ல வேண்டும். நாள்தோறும் ஏற்ற இறக்கம் மாறும்போது மட்டுமே ஓட்டம் சிறிது நேரம் தணிந்து நிற்கும். வலிய ஓட்டம் வேலையைத் தடுத்தது. இரண்டு நாள்கள் கழிந்து, 22-ஆம் நாளன்று, கார் மேலே தூக்கப்பட்டது. இறந்துவிட்டவரை மீட்க அவ்விரு நாளும் கடலின்மீது படகுகள் நின்றன. அந்நாள்களில் கரையில் நின்றோர்க்கு அக்காத்திருப்பு கொடுமையாக இருந்திருக்கும். நீருக்குள் இறங்க வேண்டியவர்களோ ஓட்டம் தணியும் வேளையை எண்ணிக் கயிற்றின் முடிச்சுகளை மறுபடி மறுபடி சரிபார்த்தாக வேண்டும். அதன் மறுமுனை படகில் இருந்தவர் கையில் இருந்தது.