பள்ளியில் நிறைவு, வாழ்க்கையில் குறை: வளரிளம் பருவ நடத்தைச் சிக்கல் குறித்து ஒரு மறுவாசிப்பு

வாழ்க்கை நிறைவு குறைந்த பிள்ளைகளிடம் நடத்தைச் சிக்கல் கூடுகிறது. நடத்தைச் சிக்கல் கூடக்கூட நிறைவு மேலும் குறைகிறது. வளரிளம் பருவ ஆய்வுகளில் இந்த வட்டம் ஏறத்தாழ விதியாகவே நிலைபெற்றுவிட்டது. இதற்கான வலுவான சான்றுகளில் ஒன்று, ஹாங்காங்கில் 28 பள்ளிகளைச் சேர்ந்த 3,328 மாணவர்களை 2009ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு. அதன் உழைப்பில் எனக்கு ஐயமில்லை. அதன் முடிவை அப்படியே சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பொருத்திப் பார்ப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டில் அந்த விதிக்கு ஆதரவாகக் காட்டத்தக்க ஆவணம், என்.சி.இ.ஆர்.டி. 2022இல் வெளியிட்ட மாணவர் மனநலக் கணக்கெடுப்பு. அவ்வாண்டு ஜனவரி முதல் மார்ச் வரை, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயிலும் 3,79,842 மாணவர்களிடம் அது நடத்தப்பட்டது. நடுநிலையிலிருந்து உயர்நிலைக்குச் செல்லும்போது நிறைவு சரிகிறது என்கிறது அறிக்கை. வயது ஏற நிறைவு சரிகிறது, நடத்தைச் சிக்கல் ஏறுகிறது, எனவே ஒன்று மற்றொன்றின் காரணம் என்று வாசிப்பது எளிது. ஆனால் வயதோடு மாறும் இரண்டு பொருள்களை அருகருகே வைப்பதால் மட்டும் காரணகாரியம் பிறந்துவிடாது.

அதே அறிக்கையில் இதைவிடக் கவனிக்க வேண்டிய இரண்டு எண்கள் உள்ளன. பள்ளி வாழ்க்கையில் நிறைவு கண்டவர்கள் 73 விழுக்காடு; தனிப்பட்ட வாழ்க்கையில் நிறைவு கண்டவர்கள் 51 விழுக்காடு. இரண்டும் ஒரே மாணவர் தொகுதியின் விடைகள். அப்படியானால், நூற்றுக்குக் குறைந்தது 22 பேராவது பள்ளியில் நிறைவும் சொந்த வாழ்க்கையில் குறையும் ஒருசேர உணர்ந்திருக்க வேண்டும். இது ஊகமன்று, வெறும் கழித்தல் கணக்கு. தலைக்கணக்கில் அவர்கள் 80,000 பேருக்கும் மேல். இந்தப் பிள்ளைகளின் 'வாழ்க்கை நிறைவு' என்று எதை எழுதுவது? ஹாங்காங் ஆய்வில் போல ஐந்து கேள்விகளைக் கூட்டி வரும் ஒற்றை மதிப்பெண், இவர்களின் பள்ளியையும் காட்டாது, வீட்டையும் காட்டாது.

கணக்கெடுத்த காலத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் கொரோனா மூன்றாம் அலையால் அந்த ஜனவரியில் பள்ளிகள் மூடப்பட்டு, பிப்ரவரி 1 அன்று மீண்டும் திறந்தன. 73 என்பது திரும்பிவந்த மகிழ்ச்சியின் எண்ணாக இருக்கலாம் என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் அது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி, மண்ணூர்பேட்டை, பட்டரைவாக்கம் பகுதிகளின் ஒற்றை அறை வாடகை வீடுகளில், தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டில் வேலைக்குப் போகும் குடும்பத்தில், பள்ளி மூடினால் பிள்ளைக்கு மிஞ்சுவது அந்த அறைதான். பள்ளியின் அருமை மூடியிருந்த மாதங்களில் தெரிந்திருந்தால், அது உண்மையான அருமையே.

பள்ளி வழியே கேட்டதால் பிள்ளைகள் பள்ளியைப் புகழ்ந்திருப்பார்கள் என்பாரும் உண்டு. பெயர் எழுதுவது அங்கே கட்டாயமில்லை. நல்ல பெயர் வாங்க நினைக்கும் பிள்ளை வீட்டுக் குறையை வெளியே சொல்லவும் துணியாது. ஆனால் 51 விழுக்காடு என்ற எண், பலர் அதைச் சொன்னதையே காட்டுகிறது. தேசிய எண் ஆவடியின் எண்ணாகாது என்பது உண்மை. ஆவடியிலும் இடைவெளி 22தான் என்று நான் சொல்லவில்லை. அந்த இடைவெளியை இங்கே அளந்து பார்க்காமல் ஒற்றை மதிப்பெண்ணை நம்ப முடியாது என்கிறேன்.

நடத்தைச் சிக்கலை அளக்கும் பட்டியலிலும் இதே குறை. ஹாங்காங் அளவுகோலில் திருட்டு, அடிதடி, கெட்ட வார்த்தை, அனுமதியின்றி வெளியே தங்குவது, பள்ளிக்கு மட்டம் போடுவது எல்லாம் ஒரே கூட்டுத்தொகையில் சேர்கின்றன. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் ஏழாம் வகுப்புச் சிறுமி பள்ளியை இழக்கிறாள். வகுப்பறை மேசையை உடைக்கும் சிறுவனோ தனக்குப் பொருட்டான ஒரே இடத்தில் தன்னைக் காட்டிக்கொள்கிறான் என்று கருத இடமுண்டு. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் இரண்டுமே நமக்குப் புரியாமல் போகும்.

இதன் விளைவு ஆய்விதழ்களோடு நிற்பதில்லை. வகுப்பறைகளில் மாணவர் அத்துமீறும் காணொளிகள் பரவியதை அடுத்து, ஆசிரியரிடம் தவறாக நடப்போர் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுவர், மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணம் குறிக்கப்படும் என்று 2022 மே மாதத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி அமைச்சர் அறிவித்தார். ஆசிரியரின் பாதுகாப்பு பேரம் பேசும் பொருளன்று. ஆயினும் நீக்கப்படும் பிள்ளை, நூற்றில் 73 பேர் நிறைவு கண்ட இடத்திலிருந்து, 51 பேர் மட்டுமே நிறைவு கண்ட வாழ்க்கைக்குள் திருப்பி அனுப்பப்படுகிறது. நிறைவுக் குறைவே சிக்கலுக்குக் காரணம் என்ற பழைய விதியை நம்புகிறவர்கள்தாம் இந்தத் தண்டனையை முதலில் எதிர்த்திருக்க வேண்டும்.

குடும்பம், நண்பர், பள்ளி, சுற்றுப்புறம், தன்னுணர்வு என ஐந்தையும் தனித்தனியே அளக்கும் கருவி 1994 முதலே இருக்கிறது. மேற்குப் புறநகரில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அதைக் கொண்டு அளக்க வேண்டும்; பள்ளி நாளில் ஒருமுறை, கோடை விடுமுறையில் ஒருமுறை. வகுப்பறையில் வினாத்தாள் கொடுக்கும் ஆய்வு, அன்று வராத பிள்ளையைத் தவறவிடுகிறது. மட்டம் போடுவதைப் பற்றிய கேள்விக்கு விடை அந்தப் பிள்ளையிடமே இருக்கிறது. ஆகவே, மாதிரியை வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிக்கப்பட்டவர்களிடமிருந்தும் எடுத்து, அவர்களை வீட்டில் சென்று கேட்க வேண்டும்.