எண்ணெய்க் கிணற்றை அடக்கிய பொடி



எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் பேசினார். "சார், ஆழம் பெருக்கல் அடர்த்தி பெருக்கல் ஜின்னு நடத்தினீங்களே, அந்தக் கணக்குலதான் எங்க உயிரே இருக்கு" என்றார். அதன் பின்னால் உள்ள வரலாற்றைச் சொல்கிறேன்.

1901 ஜனவரி 10. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஸ்பிண்டில்டாப் மேட்டில் ஆயிரம் அடிக்கு மேல் துளைத்த கிணற்றிலிருந்து எண்ணெய் 150 அடி உயரத்துக்குப் பீறிட்டது. அடக்க 9 நாள் ஆயிற்று. ஊரே கொண்டாடியது. உண்மையில் அது கிணறு கைமீறிப் போன கதை. அங்கேயும் துளைக்குள் சேற்று நீரைச் செலுத்தித்தான் தோண்டினார்கள். மணல் சரியாமல் அது பார்த்துக்கொண்டது. கீழிருந்து வந்த அழுத்தத்தை அமுக்கிப் பிடிக்க அதன் கனம் போதவில்லை.

கணக்கு எளிது. 1 கிலோமீட்டர் ஆழத் தண்ணீர், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 100 கிலோ எடையால் அழுத்தும். பாறைக்குள் இருக்கும் வாயு 150 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளினால், சேறு தண்ணீரைப் போல ஒன்றரை மடங்காவது கனமாக இருக்க வேண்டும். களிமண்ணையே மேலும் மேலும் கரைத்தால் களி மாதிரி கெட்டியாகிவிடும், பம்பு தள்ளாது. கனம் கூட வேண்டும், ஓட்டமும் குறையக் கூடாது.

வழி கண்டவர் லூசியானாவில் பணியாற்றிய பென் ஸ்ட்ரவுட். 1920களில் அங்கே எரிவாயுக் கிணறுகள் வெடித்துக்கொண்டிருந்தன. முதலில் இரும்பு ஆக்சைடு பொடியைக் கலந்து பார்த்தார். கனம் கிடைத்தது, பட்ட இடமெல்லாம் கறையும் படிந்தது. பிறகு பேரைட் வந்தது. பெயின்டில் கலக்கும் அதே பொடிதான். வேதிப்பெயர் பேரியம் சல்பேட். தண்ணீரைப் போல 4.2 மடங்கு கனம். நீரில் கரையாது, மென்மையானது என்பதால் பம்பையும் அவ்வளவாகத் தேய்க்காது. வயிற்று எக்ஸ்ரேக்கு முன் குடிக்கக் கொடுக்கிறார்களே, அதிலும் இதுதான். 1926இல் காப்புரிமை கிடைத்தது. பொடி அடியில் தங்கிவிடாமலிருக்க பென்டோனைட் களிமண்ணையும் சேர்க்கிறார்கள்.

நம் பக்கத்து ஆந்திராவில், கடப்பா பகுதியின் மங்கம்பேட்டையில், உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று இருக்கிறது.

கனம் கூடினாலும் ஆபத்து உண்டு. பாறை விரிசல் விட்டுச் சேறு உள்ளே ஓடிவிடும். கிணற்றில் மட்டம் இறங்கும். வாயு மேலே வரும். அதனால் சேற்றை அடிக்கடி எடுத்து அடர்த்தி பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' மேடை. கிணற்றைத் தற்காலிகமாக மூடும் வேலை. அடியில் போட்ட சிமென்ட் அடைப்பு பிடிக்கவில்லை. அழுத்தச் சோதனை அதைக் காட்டியும் தவறாகப் புரிந்துகொண்டு, கனமான சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பினார்கள். வாயு மேலேறித் தீப்பற்றியது. 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது.

நூறு வருடத்தில் கற்றதை ஒரு மாலைப் பொழுதில் மறந்தார்கள்.

அந்தச் சூத்திரத்தை வகுப்பில் "2 மார்க் கேள்வி, மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்று சொல்லித்தான் நடத்தினேன். அது என் தவறு. இன்று திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்