ழான் மோரோ: ஒப்பனையில்லா முகத்தால் திரையுலகை வென்ற பிரெஞ்சு நடிகை

பிரெஞ்சு நாடக மேடையிலும் திரையிலும் 60 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கியவர் நடிகை ழான் மோரோ (1928–2017). நடிகை, இயக்குநர், பாடகி எனப் பன்முகம் கொண்ட இவர், பிரான்சின் நுண்கலைக் கழகத்துக்குத் தேர்வான முதல் பெண்மணி ஆவார்.

இளமையும் மேடையும்

1928 ஜனவரி 23-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், உணவகம் நடத்தியவர். தாய் இங்கிலாந்தைச் சேர்ந்த நடனக் கலைஞர். மகள் நடிகையாவதைத் தந்தை கடுமையாக எதிர்த்தார். அதனை மீறிப் பாரிஸின் தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற மோரோ, 1947-இல் புகழ்பெற்ற 'கொமெடி ஃபிரான்சேஸ்' நாடகக் குழுவில் இணைந்தார். பின்னர் ழான் விலாரின் தேசிய மக்கள் அரங்கில் நடித்தார்.

திரையில் திருப்பம்

மேடையில் பாராட்டப்பட்ட அவரது முகம் திரைக்கு ஏற்றதன்று எனத் திரைத்துறையினர் கருதினர். 1949 முதல் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பெரும்பாலும் அடர்ந்த ஒப்பனையுடன் துணை வேடங்களிலேயே அவர் தோன்றினார். 1958-இல் வெளியான 'எலிவேட்டர் டு த கேலோஸ்' படம் இந்நிலையை மாற்றியது. காதலனைத் தேடி இரவில் பாரிஸ் வீதிகளில் அலையும் பெண்ணாக நடித்த மோரோவை, கடைகளின் வெளிச்சத்தில், ஒப்பனையின்றிப் படமாக்கினார் இயக்குநர் லூயி மால். அக்காட்சிகளுக்கு மைல்ஸ் டேவிஸ் இசையமைத்தார்.

அதே ஆண்டு மாலின் 'தி லவ்வர்ஸ்' வெளியானது. மணவாழ்வைத் துறந்து செல்லும் பெண்ணைச் சித்திரித்த இப்படத்தைத் திரையிட்டதற்காக, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் திரையரங்க மேலாளர் ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. படம் ஆபாசமானதன்று எனக் கூறி, 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை ரத்து செய்தது. கருத்துச் சுதந்திரம் குறித்த முக்கியத் தீர்ப்புகளுள் ஒன்றாக அது விளங்குகிறது.

'மொதெராதோ கான்தாபிலே' படத்துக்காக 1960-இல் கான் திரைப்பட விழாவின் சிறந்த நடிகை விருதை மெலினா மெர்கூரியுடன் பகிர்ந்துகொண்டார். அந்தோனியோனியின் 'லா நோத்தே', த்ரூஃபோவின் 'ஜூல் எ ஜிம்', புனுவேலின் 'டைரி ஆஃப் எ சேம்பர்மெய்ட்' ஆகியவை அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்தன.

துணிவும் பிற்காலமும்

பிரான்சில் கருக்கலைப்பு குற்றமாக இருந்த 1971-இல், தாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டதாக 343 பெண்கள் வெளிப்படையாக அறிவித்தனர். தண்டனைக்கு வாய்ப்பிருந்தும், அதில் கையெழுத்திட்டோருள் மோரோவும் ஒருவர். 1975-இல் அங்கு கருக்கலைப்பு சட்டபூர்வமாக்கப்பட்டது.

'லூமியேர்' (1976), 'லதோலெசான்த்' (1979) ஆகிய படங்களை இயக்கினார். 1986-இல் மேடையேறிய 'பணிப்பெண் செர்லின் கதை' நாடகத்தில் முதிய வேலைக்காரியாக நடித்து, 1988-இல் பிரான்சின் உயரிய நாடக விருதான மோலியேரைப் பெற்றார். 1992-இல் செசார் விருது கிடைத்தது. மும்பையில் பிறந்த இஸ்மாயில் மெர்ச்சண்ட் இயக்கிய 'தி ப்ரொப்ரைட்டர்' (1996) படத்தின் நாயகியும் இவரே.

கான் விழாவின் நடுவர் குழுவுக்கு 1975, 1995 என இருமுறை தலைமை வகித்த மோரோ, 2000-இல் நுண்கலைக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2017 ஜூலை 31-ஆம் தேதி பாரிஸில் தமது 89-ஆம் வயதில் காலமானார்.