கடல் கடந்து வந்த குரல்கள்: பேராக் தமிழரும் தாயக ஒலிபரப்பும்

தாயகத்தை விட்டுப் பெயர்ந்த மக்களுக்கு அத்தாயகத்தின் மொழி எவ்வழியாக வந்து சேர்கிறது, வந்து சேர்ந்தபின் அது என்ன செய்கிறது என்னும் இரு வினாக்களைப் பேராக் மாநிலத்தை முன்வைத்து இவ்வுரையில் ஆராய முற்படுகிறோம். முதல் வினா வரலாற்றைச் சார்ந்தது. இரண்டாவது மொழியியலைச் சார்ந்தது. ஆசிரியரும் மாணவரும் இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

ஈப்போவைச் சூழ்ந்த கித்தாத் தோட்டங்களில் குடியமர்ந்த தமிழருக்குத் தொடக்கத்தில் தாயகச் செய்தி கப்பலிலேயே வந்தது. நாகப்பட்டினத்தினின்று பினாங்கு நோக்கி வந்த ‘ரஜுலா’ போன்ற கப்பல்கள் ஆட்களோடு கடிதங்களையும் இதழ்களையும் கொணர்ந்தன. 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தோன்றியபின், எழுத்தறிந்த ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் வழக்கம் தோட்டங்களில் வேரூன்றியது. ஆயினும் ஏட்டில் வருவது எழுத்துத் தமிழ். தாயகத்தார் பேசும் குரல் அதில் இல்லை.

அக்குரலைக் கொணர்ந்தது வானொலி. 1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் அமைந்தது. 1941இல் பி.பி.சி. தன் தமிழ்ப் பணியைத் தொடங்கிற்று. போருக்குப் பின் 1946இல் நிறுவப்பட்ட மலாயா வானொலி இந்நாட்டிலிருந்தே தமிழில் ஒலிபரப்பியது. நெடுந்தொலைவு நிலையங்கள் சிற்றலைவரிசையில் கேட்டன. சிற்றலை வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டு மீண்டும் நிலத்துக்குத் திரும்புவது. அவ்வடுக்கின் நிலை இரவும் பகலும் மாறுவதால் ஒலி ஓங்கியும் தேய்ந்தும் வரும். அந்த இரைச்சலுக்கிடையே ஒரு பாட்டையோ செய்தியையோ பிடிப்பதற்குப் பொறுமை வேண்டியிருந்தது.

இதில் நேரக்கணக்கும் குறுக்கிட்டது. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 வரை இந்திய நேரத்தினும் இரண்டு மணி முந்தியது. 1982 சனவரி முதல் நாள் தொட்டு இரண்டரை மணி முந்தியது. சென்னையில் இரவு எட்டு மணி எனில் ஈப்போவில் இன்று பத்தரை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டிய பால்வெட்டுத் தொழிலாளிக்குத் தாயகத்தின் மாலை நிகழ்ச்சி நள்ளிரவை அண்டிய நிகழ்ச்சியாயிற்று. ஆகவே உள்நாட்டு வானொலியே அன்றாடத் துணையாக நின்றது. மலேசியத் தமிழுக்கென ஒரு பொதுநடை உருவானதில் அதற்குப் பெரும்பங்குண்டு.

1963 திசம்பர் 28ஆம் நாள் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 1969 நவம்பரில் இரண்டாம் அலைவரிசை வந்தது. 1978இல் வண்ணம் கூடிற்று. ஈப்போவுக்கு மேற்கே நிற்கும் கிளேடாங் மலை கிந்தாப் பள்ளத்தாக்குக்கு அலைபரப்பு மலையாயிற்று. தமிழுக்குக் கிடைத்த நேரமோ சிறிது: செய்தி, சில நிகழ்ச்சிகள், அவ்வப்போது மலாய் எழுத்துரையுடன் ஒரு திரைப்படம். மின்பொறி குறித்த நேரமே ஓடிய தோட்டங்களில் கார் பேட்டரியில் பெட்டியை இயக்கியவர்களும் உண்டு. ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் லயமே அவ்வாசலில் திரண்டது. படம் ஓடும்போதே அதைப்பற்றிய பேச்சும் ஓடிற்று. இதனை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இதே காலத்தில் தோட்டங்கள் கரையத் தொடங்கின. ஐம்பதுகளிலேயே வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதனைத் தடுக்கும் முயற்சியாகவே, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பின்னர்க் கித்தா இருந்த இடத்தில் செம்பனை வந்தது. அதன்பின் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயங்களில் வாழ்ந்தோர் புந்தோங் முதலிய நகர்ப்பகுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து சென்றனர்.

எண்பதுகளில் வாடகைக்குக் கிடைத்த ஒளிநாடாக்கள் தமிழ்ப் படத்தை விரும்பிய வேளையில் காண வழி செய்தன. 1993 ஏப்ரல் 14இல் சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. ஆனால் செயற்கைக்கோள் தட்டை வீட்டில் வைத்துக்கொள்ள மலேசியப் பொதுமக்களுக்கு அன்று இசைவில்லை. 1996 சனவரியில் மீசாட்-1 ஏவப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆஸ்ட்ரோ கட்டணச் சேவை தொடங்கிற்று. 60 சென்டிமீட்டர் தட்டு ஒன்று சுவரில் ஏறியது. ‘வானவில்’ என்னும் உள்நாட்டுத் தமிழ் அலைவரிசையும், பின்னர்ச் சென்னை அலைவரிசைகளும் அதன்வழி வந்தன. அவ்வலையின் நீளம் சில சென்டிமீட்டரே ஆதலின் அடர்மழை அதனை விழுங்கிவிடும். மழை மிகுந்த பேராக்கில் மாலைத் தொடர் பாதியில் நின்றுபோவது பலரும் அறிந்ததே. அக்குறை இருப்பினும், வாரத்துக்குச் சில மணி நேரமாக இருந்த தமிழ் நாள் முழுதும் பெருகும் தமிழாயிற்று.

இங்கே ஒரு விந்தை உண்டு. சட்டத்தின் பார்வையில் அவை அயல்நாட்டு அலைவரிசைகள். பார்ப்போருக்கோ தாய்மொழி அலைவரிசைகள். செருமனியிற் குடியேறிய துருக்கியருக்கு 1990இல் துருக்கி அரசுத் தொலைக்காட்சி தனி அலைவரிசை தொடங்கியபோதும் இத்தகைய இரட்டைநிலை எழுந்தது. தாயகம் தன் மொழியை அனுப்பலாம். குடியேறிய மண்ணில் அம்மொழி பெற்ற புதுவாழ்வை அதனால் அனுப்ப இயலாது.

இதனை ஒட்டி ஆசிரியர்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு: “சென்னைத் தொடர்கள் நம் பிள்ளைகளின் தமிழைக் கெடுத்துவிட்டன.” தோட்டத்தார் ரப்பரைக் ‘கித்தா’ என்றனர், பால் வடியும் கிண்ணத்தை ‘மங்கு’ என்றனர், மலாய்ச் சிற்றூரைக் ‘கம்பம்’ என்றனர். இம்மூன்றும் மலாய் மொழி தந்தவை. சாலையைச் ‘சடக்கு’ என்றும், காலையுணவு உண்பதைப் ‘பசியாறுதல்’ என்றும் வழங்கினர். இன்றைய மாணவர் பலர் இவற்றை அறியார், ‘டிபன்’ அறிவர். ஆதலின் குற்றவாளி தொலைக்காட்சியே என முடிவு கட்டுவது எளிது.

மொழியியல் அம்முடிவை ஏற்கத் தயங்குகிறது. காதுகேளாப் பெற்றோருக்குப் பிறந்த, செவிப்புலன் நன்கமைந்த குழந்தைகளை ஆய்ந்தோர், தொலைக்காட்சியை மட்டும் கேட்டு அவர்கள் மொழியை முறையாகக் கற்கவில்லை எனக் கண்டனர். பெட்டி சொற்களையும் தொடர்களையும் தரும்; உரையாடலைத் தராது. மொழி நிலைப்பதோ கேட்டவர் மறுமொழி கூறும் உரையாடலில். பழைய லயத்து வாசலில் படம் பார்த்தவர்கள் சென்னைத் தமிழைக் கேட்டனர். தோட்டத் தமிழில் அதைப்பற்றிப் பேசினர். கேட்ட மொழி, பேசிய மொழியை அழிக்கவில்லை. இன்று அலைவரிசை பல. வாசலில் கூடுவோர் இல்லை.

எனவே தோட்டத் தமிழ் தேய்ந்ததன் முதற்காரணம் வானிலிருந்து இறங்கிய அலையன்று; நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட குடியிருப்பே. மங்கு கழுவும் தொழில் மறைந்தால் ‘மங்கு’ என்னும் சொல் எங்கே நிற்கும்? பாட்டி ஓர் அடுக்குமாடியிலும் பேரன் வேறோர் ஊரிலும் இருந்தால் ‘பசியாறிட்டியா?’ என்று கேட்பவர் யார்? காரணத்தைப் பிழைபடக் கண்டால் மருந்தும் பிழைபடும். தொலைக்காட்சியை அணைப்பதால் ஒரு சொல்லும் மீளாது.

ஆகவே ஆசிரியர்க்கு ஒன்று உரைப்போம். தோட்டத்தில் வாழ்ந்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்து முதியவர் ஒருவரோடு அமர்ந்து, தொழில், உணவு, வீடு, விழா ஆகியவை பற்றிய சொற்களைக் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, பொருளும் இடமும் குறித்து வைக்கட்டும். அம்முதியவர் எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டுகளில் இருந்தார் என்பதையும் எழுதட்டும். அப்பட்டியல் அகராதிக்குப் பயன்படும். அதனினும் மேலாக, அதைத் தொகுக்கும்போது நிகழும் உரையாடலிலேயே அச்சொற்கள் மீண்டும் ஒரு முறை வழங்கும். சென்னையின் குரல் நம் வீட்டில் ஒலிப்பதில் தீங்கில்லை. அதற்கு மறுமொழி கூறும் பேராக்கின் குரலும் அவ்வீட்டில் இருத்தல் வேண்டும்.