ரெண்டு கச்சேரி

போன வாரம் ஆணி ரொம்ப ஜாஸ்தி மக்களே. செப்டம்பர் 30, அரையாண்டுக் கணக்கு முடிப்பு. வங்கியில் குப்பை கொட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. காலை ஒன்பது மணிக்கு ஒரு ரிவ்யூ, ராத்திரி எட்டு மணிக்கு இன்னொன்று. நடுவில் வராக்கடன்காரர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். கும்பகோணத்தில் பி.காம். படித்தபோது பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். டார்கெட் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

குடும்பம் ஊரில், நான் மட்டும் திருவனந்தபுரத்தில். இது மூன்றாவது வருஷம். வியாழக்கிழமை ராத்திரி ராஜினாமாக் கடிதமே அடித்துவிட்டேன். தேதி மட்டும் போடவில்லை. நாலு நாளாக நண்பர்கள் யார் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாலைக் கடைத்தெரு அண்ணாச்சி நேராகக் கிளைக்கே வந்துவிட்டார். கூடவே வலியசாலை அக்ரகாரத்து மாமா. கையில் ஒரு பை, அதில் எனக்கு ஒரு வேட்டி.

"என்ன சார், ஆளையே காணும். உசிரோடதான் இருக்கீங்களா?" என்றார் அண்ணாச்சி. எங்கள் கேஷியர் சேட்டன் பின்னாலேயே வந்து, "சாரே, எட்டு மணி ரிவ்யூவை நான் பார்த்துக்கறேன், போய்ட்டு வாங்க" என்று தமிழில் சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான் இருக்கும்.

போனது நவராத்திரி மண்டபம். கிழக்குக் கோட்டையில், பத்மநாப சுவாமி கோயில் பக்கத்தில், குதிரை மாளிகையை ஒட்டி இருக்கிறது. உள்ளே சரஸ்வதி. அவள் நம்ம பக்கத்திலிருந்து வருகிறவள். வருஷாவருஷம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டு வருகிறாள். வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே வருகிறார்கள். 1956-ல் மாநில எல்லை மாறியும் இந்தப் பயணம் நிற்கவில்லை.

மண்டபத்தின் கூரையிலிருந்து மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒலி நன்றாகக் கேட்க. கச்சேரி முடிந்தால் கைதட்டக் கூடாது. ஒன்பது நாளுக்கு ஒன்பது கீர்த்தனை, ஒன்பது ராகம். முதல் நாள் சங்கராபரணம், அப்புறம் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, கடைசியில் ஆரபி. ஒன்பதும் சுவாதித் திருநாள் மகாராஜா செய்தவை. 2006 வரை அங்கே பெண்கள் பாடியதில்லை. அந்த வருஷம் பாறசாலை பொன்னம்மாள்தான் முதலில் பாடினார்.

நான் போன அன்றைக்குத் தோடி. கைதட்டல் இல்லாத கச்சேரி எப்படி இருக்கும் என்று கேட்டால், டார்கெட் இல்லாத வேலை மாதிரி இருக்கும். பாடுகிறவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம்.

வெளியே வந்ததும் மாமா குதிரை மாளிகையைக் காட்டினார். கூரைக்குக் கீழே வரிசையாக மரக்குதிரைகள், மொத்தம் 122. "இதைக் கட்டினவருக்கு உங்களைவிடப் பெரிய ரிவ்யூ இருந்தது, தெரியுமோ?" என்றார். அதிலிருந்து சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அதைப் பற்றிப் படித்ததுதான் இது.

சுவாதித் திருநாள் பிறந்தது 1813. வயிற்றில் இருக்கும்போதே ராஜா என்று முடிவானதால் 'கர்ப்ப ஸ்ரீமான்' என்று பெயர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். சித்தி கௌரி பார்வதி பாய் ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். 1829-ல் பதினாறு வயதில் பொறுப்பு கைக்கு வந்தது. நம்மில் பலர் அந்த வயதில் பிளஸ் ஒன்னில் அக்கவுண்டன்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

கைக்கு வந்தது என்ன? 1805 ஒப்பந்தப்படி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வருஷம் 8 லட்சம் ரூபாய் கட்டியாக வேண்டும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் 8 லட்சம். எனக்கு வட்டார அலுவலகம் மாதிரி அவருக்குத் தலைக்கு மேலே ரெசிடெண்ட். அவருக்கு மேலே மெட்ராஸ் கவர்னர்.

ஆனாலும் பையன் வேலைக்குச் சளைத்தவர் இல்லை. 1834-ல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி. இன்றைய யுனிவர்சிட்டி காலேஜின் வேர் அதுதான். 1836-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1837-ல் வானிலிருக்கும் நட்சத்திரங்களைப் பார்க்க ஒரு ஆய்வுக்கூடம். கொல்லத்தில் இருந்த ஹுசூர் கச்சேரியைத் தன் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்.

கச்சேரி என்றால் அப்போது அரசாங்க அலுவலகம். பாட்டுக்கும் அதே பெயர்தான். இந்த மனிதர் ரெண்டு கச்சேரியும் நடத்தினார். ஒன்றில் பட்ட அடிக்கு இன்னொன்றில் ஒத்தடம்.

அந்த ரெண்டாவது கச்சேரியில் யார் யார் இருந்தார்கள் பாருங்கள். இவரைவிட முப்பது வயது மூத்த இரயிம்மன் தம்பி. இவர் தொட்டிலில் கிடந்தபோது தாலாட்டு எழுதியவர். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, பின்னால் திவானாகவும் ஆன சுப்பாராவ்; எங்கள் தஞ்சாவூர்க்காரர், ஸ்வரபத் வாசிப்பார். ஹரிகதை செய்த மேருசாமி, அவரும் தஞ்சாவூர். ஒரே பாட்டை ஆறு காலத்தில் பாடிய ஷட்கால கோவிந்த மாரார். தஞ்சை நால்வரில் கடைசித் தம்பி வடிவேலு, முத்துசுவாமி தீட்சிதரின் சிஷ்யர், மகாராஜாவைவிட மூன்றே வயது பெரியவர். 1834-ல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

வயலினை யோசித்துப் பாருங்கள். ரெசிடெண்ட் எந்தக் கடல் வழியாக வந்தாரோ அதே வழியாக வந்த வாத்தியம். ஒன்று தலைவலி, மற்றது தைலம். திருவையாற்றுத் தியாகராஜரை அழைத்துவர வடிவேலுவும், அவரைப் பார்த்துவர மாராரும் போனதாகச் சொல்வார்கள். தியாகராஜர் கடைசிவரை இந்த ஊருக்கு வரவில்லை.

1840-ல் புது ரெசிடெண்ட் வந்தார். பெயர் கல்லன். தப்பாகப் படித்துவிடாதீர்கள், 'ல'தான். நிர்வாகத்தில் ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்தார். கிருஷ்ணராவ் என்பவரை உயர்த்தப் பார்த்தார். சுப்பாராவ் பதவி போனது. அடுத்தடுத்து திவான்கள் மாறினார்கள். பெயருக்கு ராஜா, கையெழுத்துக்கு ராஜா. நம்ம பாஷையில் சொன்னால் பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை.

இதற்கிடையே கூட்டாளிகளும் குறைந்தார்கள். 1843-ல் மாரார் பண்டரிபுரத்தில் காலமானார். மகாராஜா கடைசிக் காலத்தில் ஆட்களையே தவிர்த்துத் தனிமையில் இருக்க விரும்பினார் என்று 1878-ல் வந்த திருவிதாங்கூர் சரித்திரத்தில் சங்குண்ணி மேனன் எழுதியிருக்கிறார். 1846 டிசம்பரில் இறந்துபோனார். வயது 33. கல்லன் 1860 வரை அதே நாற்காலியில் இருந்தார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பாட்டு மன அழுத்தத்துக்கு மருந்து என்று வாட்ஸப்பில் தினமும் ஒருவர் அனுப்புகிறார். இருக்கலாம். ஆனால் நானூறுக்கு மேல் பாட்டு செய்தவர் இவர். சமஸ்கிருதம், மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி என்று ஐந்து மொழியில் செய்தவர். அவரிடம் இல்லாத பாட்டா? அவ்வளவு இருந்தும், கூட உட்கார்ந்து கேட்க ஆள் குறைந்து, இருந்தவர்களையும் அவரே தள்ளி வைத்த பிறகு, அது போதவில்லை. ஒரு ராஜாவின் மனசை இவ்வளவு தூரத்திலிருந்து கணக்குப் போட்டுச் சொல்லும் தகுதி எனக்கு இல்லைதான். ஆனால் வியாழக்கிழமை ராத்திரி நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியும். இயர்போனில் அப்போதும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவருக்குப் பிறகும் கூட்டாளிகள் வந்தார்கள் என்பதுதான் ஆறுதல். 1939-ல் இங்கே அவர் பெயரில் இசைப்பள்ளி தொடங்கியது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் தலைமை ஏற்று, பாட்டுகளைத் தேடிப் பிடித்து, மெருகேற்றி, மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ரெண்டு பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்.

முப்பதாம் தேதி கணக்கு முடிந்தது. டார்கெட்டில் கொஞ்சம் துண்டு விழுந்தது. வழக்கமான அர்ச்சனையும் கிடைத்தது. ராத்திரி பதினோரு மணிக்குக் கிளையைப் பூட்டிவிட்டு, நான், சேட்டன், அண்ணாச்சி மூன்று பேரும் தட்டுக்கடையில் தோசையும் கட்டன் சாயாவும் சாப்பிட்டோம். மாமா தூங்கப் போய்விட்டார், விடுபட்டதற்குக் காலையில் சண்டை போட்டார்.

கடிதம் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தேதி போடவில்லை. போன் அடித்தால் எடுக்கிறேன்.