அத்தை கொடுத்த கோழி

"சீக்குக் கோழி மாதிரி ஏன்டா தூங்கி வழியுறே?" இப்படித் திட்டு வாங்காமல் வளர்ந்தவர்கள் நம் வயதில் குறைவு. அந்தச் சீக்குக்கு வெள்ளைக்கழிச்சல் என்று பெயர். கோடையில் ஊருக்குள் வந்தால் பஞ்சாரங்கள் காலியாகிவிடும்.

எனக்குப் பத்து வயதிருக்கும். பக்கத்து ஊர் அத்தை ஒரு பெட்டைக்கோழியைக் கூடையில் கொண்டுவந்தார். "எங்க ஊர்ல எல்லாம் செத்துப்போச்சு அண்ணி, இது ஒண்ணுதான் மிச்சம். நீங்களாவது வச்சுக் காப்பாத்துங்க" என்றார். அம்மா அன்று இரவே அதை எங்கள் கோழிகளோடு அடைத்தார். அடுத்த வாரத்துக்குள் எங்கள் பன்னிரண்டு கோழிகளும் பச்சையாகக் கழிந்து, கழுத்து திருகிச் செத்தன. முட்டைக் காசில்தான் எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவார்கள். அந்த வருடம் கடன்தான்.

கால்நடை மருத்துவர்கள் இதை ராணிக்கேட் நோய் என்பார்கள். 1926-இல் ஜாவா தீவிலும், இங்கிலாந்தின் துறைமுக நகரமான நியூகாசிலிலும் இது கண்டறியப்பட்டது. உலகம் இதை நியூகாசில் நோய் என்றது. சில ஆண்டுகளுக்குள் நம் நாட்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் தெரிந்ததால், நமக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. ஒரு தீவிலும் ஒரு துறைமுகத்திலும் ஒரு மலையூரிலும் கண்ட நோய், எங்கள் வீட்டுக்கு ஒரு கூடையில் வந்து சேர்ந்தது.

இது வைரஸ் நோய். வந்தபின் தீர்க்க இன்றும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பூசியை 1940-களில் அதே குமாவோன் மலையிலுள்ள முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். நம் ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கிய நிலையமும் கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வருகிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. ஆனால் நோய் கண்ட கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை.

நோய் பற்றிய கோழி சில நாள் நன்றாகவே மேயும். அதற்குள் அதன் எச்சம், மூக்குநீர், குடித்த தண்ணீர், வந்த கூடை, நம் செருப்பு எல்லாவற்றிலும் கிருமி பரவிவிடும். ஒன்று செத்ததும் மிச்சத்தைப் பாதி விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடும் பழக்கம்தான் ஊர் ஊராக நோயைக் கொண்டுபோனது.

பேரப்பிள்ளைகள் மாடியில் நாட்டுக்கோழி வளர்க்கிறார்களா? யார் கொடுத்தாலும் புதுக்கோழியை மூன்று வாரம் தள்ளி அடைக்கச் சொல்லுங்கள். நம் கோழிக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, அதற்குப் பிறகே அதனிடம் போகட்டும். செத்ததை ஓடையில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்கட்டும்.

அத்தை கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஓர் உயிராவது பிழைக்கட்டும் என்றுதான் மூன்று மைல் நடந்து வந்தார். அம்மாவும் கடைசிவரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.