சபை எல்லையும் வர்க்க எல்லையும்: மீதொட்டமுல்லை பற்றிய ஒரு குறிப்பு

1865 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கொழும்பில் மாநகர சபையை நிறுவியபோது வாக்குரிமை சொத்துடையோருக்கே உரியதாயிற்று. பின்னர் அவ்வுரிமை யாவர்க்கும் விரிந்தது. ஆயின் சபைகளின் சொந்த வருவாய் சோலைவரியையே பெரிதும் சார்ந்து நின்றது. நிலமதிப்பு உயர்ந்த சபை செழித்தது. அயற் சபை நலிந்தது.

இம்முரண்பாடு கொலன்னாவையில் உயிர்களைப் பலிகொண்டது. கொட்டாஞ்சேனைக்கு அருகிலுள்ள புளூமெண்டல் குப்பைமேடு 2009 இல் மூடப்பட்டதும், மாநகரக் கழிவு கொலன்னாவை நகர சபை எல்லைக்குட்பட்ட மீதொட்டமுல்லையிற் பெருமளவிற் குவிக்கப்பட்டது. அதனை எதிர்த்துப் போராடிய மக்களுக்கு, கழிவை அனுப்பிய சபையில் வாக்கில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, மேடு சரிந்து 32 பேர் மாண்டனர்.

எனவே உள்ளூராட்சிச் சீர்திருத்தத்தின் உரைகல் இதுவே: வரியைச் சபைகளிடையே பகிரவும், பிறர் சுமையை மறுக்கவும் உழைக்கும் மக்களுக்கு அதிகாரம் உண்டா? அஃதில்லாதவிடத்து, சபை எல்லை வர்க்க எல்லையாகவே எஞ்சும்.